தம்பிக்கு, உன் கதையைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கதையை அப்பா எழுத்தைப் பெரிதாக்கி எனக்கு வாசித்துக் காட்டினார். பாதிக் கதை அவருடைய இருமலில் போய்விட்டது. அப்புறம் நானே உட்கார்ந்து வாசித்தேன். நம் இலங்கை மலையகத்து ஹோட்டன் சமவெளியில் வேற்றுக்கிரகத்தாரின் கப்பல் விழுகிறது, அவர்களில் மூன்று பேரைக் காணோம். அதே இரவில் நம்முடைய வனக்காவலர் ஒருவரையும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற பிள்ளையொன்றையும் காணோம். இரண்டு கூட்டமும் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்து தேடப் போகிறது. கட்டாரில் வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகும் இதையெல்லாம் எழுத உனக்குத் தெம்பு இருக்கிறதே, அதுவே எனக்குச் சந்தோஷம். ஆனால் இத்தனை காலம் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பி திருத்திய உன் அம்மாவின் கை சும்மா இருக்குமா? கோபிக்காமல் கேட்டுக்கொள்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். சமவெளியில் யானைக்கூட்டம் குறுக்கே வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அங்கே இப்போது யானை கிடையாது. மரை நிற்கும், சிறுத்தை உண்டு. நடுப்பகலில் உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பில் நின்று கீழே பார்க்கிறார்கள் என்கிறாய். ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம், அடியில் நன்பேரியல் தோட்டம், எல்லாம் சரிதான். ஆனால் காலை பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் முன்னால் நடக்கிறவரின் முதுகுகூடத் தெரியாது. அந்தப் பனிக்குள் கூப்பிடுகிற குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே பிடிபடாது. தேடுகிற கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? நீ எல்லாரையும் நல்ல வெயிலில் நடக்க விட்டிருக்கிறாய்.

அடுத்தது, அந்த மொழிபெயர்க்கும் பெட்டி. முதல் பக்கத்திலேயே வந்தவர்கள் தெளிவாகத் தமிழ் பேசுகிறார்கள். 1977இல் வொயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சிங்களம் இருக்கிறது, தெலுங்கு, கன்னடம் இருக்கின்றன. தமிழ் இல்லை. ஆகவே அதைக் கேட்டுவிட்டு வருகிறவன் நம்மைப் பார்த்து ‘ஆயுபோவன்’ என்று சிங்களத்தில்தான் கும்பிடுவான். நம் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற கிழவிகள் யாரோ அரசாங்கக் கந்தோர் அதிகாரி வந்துவிட்டார் என்று அடையாள அட்டையைத் தேடி உள்ளே ஓடுவார்கள். அதை எழுது, சிரிப்பாவது வரும்.

என் பெரிய குறை வேறு. இரண்டாம் பகுதியிலேயே இரு தரப்பும் கூட்டாளிகளாகிவிடுகிறார்கள். ஒருவன் வழுக்கி விழுகிறான், மற்றவன் கை கொடுக்கிறான், அத்தோடு சந்தேகம் தீர்ந்தது. அவ்வளவு லேசாகத் தீருமா?

முன்பின் தெரியாதவர்கள் வானத்திலிருந்து நம் மலையில் விழுந்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரை போனவர்களின் விமானம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது உன் தாத்தா அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை. யாராவது உயிரோடு இருக்கலாம் என்று மலையேறிய ஆட்களில் அவரும் ஒருவர். அது தோட்டங்களில் பஞ்சம் வாட்டிய காலம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, எந்த நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல் இருந்தவர் அவர். மேலே கிடந்தவர்களின் பாஷையும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆனால் தாத்தா பிறகு சொன்னதெல்லாம் அந்தப் பயங்கரத்தைப் பற்றியல்ல. “ஏறும்போது மடியில் ஒன்றும் வைக்காமல் ஏறினோம். இறங்கும்போது யாரும் கேட்காமலே மடியை உதறிக் காட்டிவிட்டு இறங்கினோம்” என்பார். அங்கே எது காணாமல் போனாலும் பழி தங்கள் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். இரக்கப்பட்டு ஏறியவர்கள்தான், பயந்துகொண்டே ஏறினார்கள். உன் கதையில் இரக்கம் வந்ததும் பயம் போய்விடுகிறது.

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவைப் பற்றி உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு வாரம். காலையில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்குப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. யுத்தம் முடிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன நம் பையன்களைச் சந்தேகத்தில் பிடித்துப்போன நாட்களை யாரும் மறந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் மண் தோண்டும் பெக்கோவும் மண்வெட்டியுமாக வந்து சேற்றில் இறங்கியவர்கள் சிங்களம் பேசுகிற ஆமிப் பையன்கள். அவர்களிடம் இயந்திரம் இருந்தது. எங்கே தோண்டுவது என்பது நம்மாட்களுக்குத்தான் தெரியும். அதுவும் சரியாகத் தெரியவில்லை. கோயிலும் இல்லை, மரமும் இல்லை, எல்லாம் ஒரே சேறு. லயத்தின் மூன்றாவது காம்பரா இங்கேதான் என்று ஒருவர் காட்டினால், இல்லை, இன்னும் மேலே என்று அவருடைய தம்பியே சண்டை பிடித்தார்.

இடம்பெயர்ந்தவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் பெயர் எழுத உதவிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் தமிழில் கேட்டுச் சொல்ல, ஓர் ஆமிப் பையன் சிங்களத்தில் எழுதினான். ஒவ்வொரு பெயரையும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, வாயை அசைத்துப் பார்த்துத்தான் எழுதுவான். நம்மாட்களுக்குப் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் சம்பளப் பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஒரே ஆள் இரண்டு தடவை பட்டியலில் ஏறிவிடுவார். முதலில் நூற்றுக்கணக்கில் சொன்ன எண்ணிக்கை நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வந்தது உனக்கு ஞாபகமிருக்கும்.

ஓர் அம்மா வந்து வீட்டில் நான்கு பேர் என்று எழுதிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என் காதோடு, ஐந்தாவதாக ஒருவன் இருந்தான், தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன், அவனுக்கு அடையாள அட்டை இல்லை டீச்சர், எழுதலாமா என்று கேட்டார். மண்ணுக்குள் இருப்பவனை யார் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள்? ஆனாலும் கேட்டார். ஆமிப் பையன் என் முகத்தைப் பார்த்தான், அந்த அம்மாவைப் பார்த்தான், எண்ணை மட்டும் ஐந்து என்று திருத்தினான். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுபக்கமும் ஒளிக்காமல் இல்லை. மழை இறுகினால் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் மேலே ஏறச் சொல்வார்கள். மிச்ச மலையும் சரியலாம் என்ற பயம்தான் காரணம். அதைச் சொன்னால் சனம் கலவரப்படும் என்று பொறுப்பாக நின்றவர்கள் வாய் திறக்கவில்லை. நம்மாட்கள், தமிழன் பிணம்தானே என்று விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கொதித்தார்கள். மறுநாள் காலையில் அதே ஆட்கள் அதே சேற்றில் ஒன்றாக நின்றார்கள்.

இதைத்தான் உன் கதையில் தேடினேன். காணாமல் போன ஆளைத் தேட வேண்டுமானால் அவரைப் பற்றி எதிரே நிற்பவனிடம் சொல்லியாக வேண்டும். எதற்குப் பயப்படுவார், எங்கே ஒளிவார், எதில்லாமல் எத்தனை நேரம் உயிர் தாங்குவார்? வந்தவர்களின் தலைவி அதைச் சொல்லத் தயங்க வேண்டும். தன் ஆட்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வதை வைத்தே அவர்களைக் கொல்லவும் முடியும் என்பது அவளுக்குத் தெரியாதா? நம் பக்கமும் அப்படித்தான். அந்தப் பிள்ளை ஏன் இரவில் சமவெளிக் காட்டுக்குள் போனாள்? விறகுக்குப் போனாள் என்று வை. தேசிய வனத்தில் அது குற்றம். காணாமல் போன வனக்காவலரே அவளைப் பிடிக்க வேண்டியவர். அவள் தாய், மகள் எந்த வழியாகப் போனாள் என்று சொல்வாளா? முதலில் பொய்தான் சொல்வாள். அந்தப் பொய்யால் எல்லாரும் ஒரு நாள் முழுக்கத் தப்பான பக்கம் தேடட்டும்.

கடைசிப் பகுதியை இன்னும் எழுதவில்லை என்றாய். யாரைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது உன் இஷ்டம். எல்லாரையும் உயிரோடு கொண்டுவந்துவிடாதே, நான் நம்ப மாட்டேன். அப்பா மட்டும் அந்தப் பிள்ளையைச் சாகடிக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார்.

இன்னொன்று. வனக்காவலரின் தம்பி நானுஓயாவில் ரயிலேறி முதலில் ஓஹியாவைத் தாண்டுகிறான், பிறகு பட்டிப்பொல வருகிறது. முறை அம்பேவெல, பட்டிப்பொல, அதற்கப்புறம்தான் ஓஹிய. அதை மாற்றிவிட்டு அனுப்பு. பக்கத்து லயத்துப் பெரியம்மாவின் பேரன் வருகிற மாதம் கட்டார் வருகிறான், தேயிலையும் இடித்த மிளகாய்த்தூளும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா