கோடைக் கச்சேரிகளுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், விழாக் கமிட்டியினருக்கும், மைக் செட் தொழிலாளர்களுக்கும், எங்கள் குழுவினரின் குடும்பத்தாருக்கும் பணிவான வணக்கம்.

பங்குனியில் தொடங்கி வைகாசி முடிய, மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் எங்கள் மெல்லிசைக் குழு ஒப்புக்கொண்ட திருவிழாக் கச்சேரிகள் அனைத்தும் இந்த ஆண்டு நல்லபடியாக நிறைவேறின. குழுவில் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையிலும், வரவு செலவைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையிலும், யார் யார் தயவால் இந்தக் கோடை எங்களுக்கு அமைந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். அவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதாது என்று குழுவில் அனைவருக்கும் தோன்றியதால், எல்லோர் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, கருவி வாசிப்பவர்கள் அனைவரையும் மேடையில் உட்கார வைத்த ஊர்களுக்கு. இன்று பல விழாக்களில் இரண்டு பாடகர்களும் ஒரு மடிக்கணினியும் இருந்தாலே கச்சேரி நடந்துவிடுகிறது. பாடலின் இசை முழுவதும் முன்பே பதிவான டிராக்காக ஓட, பாடகர் அதன் மேல் பாடுகிறார். செலவு குறைவு, வண்டியும் சிறியது போதும். அந்த வழியில் பிழைக்கும் பாடகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் டிராக் ஏறும் ஒவ்வொரு மேடையிலிருந்தும் ஒரு தபேலாவும், ஒரு புல்லாங்குழலும், ஒரு டிரம்பெட்டும் இறங்கிப் போகின்றன என்பதை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். 2020, 2021 ஆகிய இரண்டு கோடைகளிலும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றுபோனபோது வேறு வேலைக்குச் சென்ற வாத்தியக்காரர்களில் பலர் இன்னும் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், டிராக் வைத்தால் பாதிச் செலவில் முடித்துவிடலாம் என்று தெரிந்திருந்தும், வாசிக்கிறவர்கள் வந்தால்தான் கச்சேரி என்று உறுதியாகச் சொன்ன ஊர்கள் இருந்தன.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். அங்கே திருவிழாச் செலவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியில்தான் நடக்கிறது. மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பங்களும், திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் கொடுத்த பணம் அது. எங்களுக்கான தொகை கூடுதலாக இருக்கிறதே என்ற பேச்சு ஊர்க்கூட்டத்தில் எழுந்தபோது, முளைப்பாரி தூக்கும் பெண்களே முன்வந்து முழுக் குழுவையும் அழைக்க வேண்டும் என்று கேட்டதாகக் கமிட்டித் தலைவர் ஐயா பிறகு எங்களிடம் சொன்னார். அந்தப் பெண்களின் கணக்கு எவ்வளவு சரியானது என்பது கச்சேரியன்று இரவே தெரிந்தது. அம்மன் பாட்டு தொடங்கியதும் கூட்டத்தில் மூதாட்டி ஒருவருக்கு அருள் வந்தது. டிராக்காக இருந்தால் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் தானாக முடிந்திருக்கும். எங்கள் தபேலாக்காரரும் ரிதம் பேட் வாசிக்கும் தம்பியும் அந்த அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டு, அவர் ஆடி ஓய்ந்து திருநீறு வாங்கி அமரும் வரை நடையைக் குறைக்காமல் வாசித்தார்கள். பாடகரும் அதே அடிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடினார். ஆட்களே வாசிக்கும் கச்சேரியை நாங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நடத்துகிறோம் என்று கேட்பவர்களுக்கு அந்த இரவைத்தான் இனிச் சொல்வேன். அதற்கு இடம் கொடுத்த ஊருக்கு எங்கள் வணக்கம்.

அடுத்த நன்றி மைக் செட் அண்ணன்களுக்கும் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும் உரியது. மே மாதத்தில் மதுரை வட்டாரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, தகரக் கொட்டகைக்குக் கீழே விளக்குகளின் சூடும் சேர்ந்துகொள்ளும். காற்று சூடேறினால் புல்லாங்குழலின் சுருதி ஏறும். கம்பிகள் சூடேறி நீண்டால் கிட்டாரின் சுருதி இறங்கும். நான் வாசிக்கும் கீபோர்டு எது நடந்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். இந்த மூன்றையும் ஒன்றுசேர்க்க வாசிப்பவர்களுக்கு நேரமும், காதில் தெளிவாக விழும் மானிட்டர் பெட்டிகளும் வேண்டும். ஒலி அமைப்பாளர்கள் நண்பகல் வெயிலிலேயே பெட்டிகளைக் கட்டி, வயர்களைச் சோதித்து, நாங்கள் வந்து இறங்கும்போது சுருதி சேர்க்க அரை மணி நேரமாவது ஒதுக்கித் தந்தார்கள். பாடலுக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் பாதி அவர்களுடையது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கத் தடை உண்டு. விழா நாள்களில் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தாலும், ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேல் அதைத் தர இயலாது. ஆகவே அன்னதானத்தை முன்னதாகவே முடித்து, பொழுது சாய்ந்ததும் எங்களை மேடையேற்றிய கமிட்டியினருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். அனுமதிக் கடிதத்துக்காகக் காவல் நிலையத்துக்குப் பலமுறை நடந்தவர்களும் அவர்களே. முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் தெருவில் அந்த விதி நியாயமானது என்பதே என் கருத்து.

இனி நான் எழுதப்போவது எங்கள் குழுவின் பாடகிகள் இருவரும் என்னிடம் குறிப்பாகச் சொல்லச் சொன்னது. மேடைக்குப் பின்னால் தட்டி மறைப்பு ஒன்று கட்டிவிட்டால் போதும் என்று எண்ணும் இடங்கள் உண்டு. அதில் உடை மாற்றவும் முடியாது, கழிப்பறைக்கு வழியும் இருக்காது; வெளியூர்ப் பெண்கள் பொழுது சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை தண்ணீர் குடிக்காமல் சமாளிக்க வேண்டியிருக்கும். இந்தக் கோடையில் சோழவந்தான் பக்கமும் பரமக்குடிப் பக்கமும், கோயிலை அடுத்த வீடுகளைச் சேர்ந்த அக்காமார் தங்கள் அறையைத் திறந்துவிட்டு, மின்விசிறியைப் போட்டு, தலைக்குப் பூவும் கொடுத்து, எங்கள் பாடகிகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே நடத்தினார்கள். நீர்மோரும் பானகமும் குடம் குடமாக வந்தன. வேறு எந்த உதவியை மறந்தாலும் இதை மறக்க மாட்டோம்.

எதிர்சேவை இரவில் எங்களைக் காப்பாற்றியவர்களுக்கும் நன்றி. அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு வரும் அழகரை வரவேற்க மூன்றுமாவடியில் மக்கள் திரண்டிருந்தபோது, மேலூர்ப் பக்கம் கச்சேரியை முடித்துவிட்டுத் திரும்பிய எங்கள் வேன் மேலே நகர வழியின்றி நின்றுவிட்டது. அழகர் வந்து தங்கப் பந்தல் அமைத்திருந்த மண்டகப்படியினர் எங்களை இறக்கி, புளியோதரையும் தயிர்ச்சோறும் கொடுத்து, கருவிப் பெட்டிகளுக்கு இரண்டு இளைஞர்களைக் காவலும் வைத்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் அனைவரும் தல்லாகுளம் வரை நடந்து சென்று, மறுநாள் விடியலில் அழகர் வைகையில் இறங்குவதையும் கண்டோம். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தும், குழுவாகச் சேர்ந்து நாங்கள் அதைப் பார்த்தது இதுவே முதல் முறை.

கச்சேரி இல்லாத இரவுகளையும் நண்பர்கள் எங்களுக்கு இனிமையாக்கினார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வாசிக்கப் போகாமல் கும்பிடப் போனோம். அக்னிச்சட்டி எடுத்து வருபவர்களுக்கு வழிவிட்டு நின்று, முல்லையாற்றில் கால் நனைத்து, ராட்டினத்திலும் ஏறினோம். மறுநாள் கிட்டார் வாசிக்கும் தம்பியின் விருப்பப்படி பண்ணைப்புரம் வழியாக வண்டியை விட்டோம். பாவலர் வரதராஜனும், இளையராஜா உள்ளிட்ட அவருடைய தம்பிகளும் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகக் கிளம்பிய அந்த மண்ணில், மேடைக் கச்சேரியை நம்பி வாழும் எங்களுக்கு இறங்கி நிற்காமல் கடந்துபோக மனம் வரவில்லை. போடிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் பம்புசெட்டில் எங்களைக் குளிக்க வைத்து, வாழை இலை போட்டு விருந்தும் வைத்தார். மதுரைக்குள் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் எங்களுக்காகக் கல்லை அணைக்காமல் வைத்திருந்து கறி தோசையும் முட்டைப் பரோட்டாவும் போட்டுத் தந்த கடைக்காரருக்கும், விடியும் முன்பே பருத்திப்பால் வண்டியோடு தெருமுனையில் நின்ற பெரியவருக்கும் எங்கள் அன்பு. அந்தக் கடை மேசையில்தான் அன்றைய கச்சேரியின் நிறைகுறைகளைப் பேசித் தீர்த்தோம். அடுத்த ஊருக்கான பாட்டு வரிசையும் அங்கேயே உருவானது.

எங்கள் ஓட்டுநர் அண்ணனை வாழ்த்த எனக்குத் தகுந்த சொல் இல்லை. நாங்கள் பின்னால் உறங்கிக்கொண்டே வந்த இரவுகளில் அவர் ஒருவர் மட்டும் விழித்திருந்தார். கண் அசந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன், யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று சீசன் தொடங்கும் முன்பே நிபந்தனை போட்டு, அதைக் கடைசி நாள் வரை காத்தார்.

இறுதியாக, குழுவினரின் வீடுகளுக்கு. கோடை விடுமுறையில் அப்பாவோடு எங்கும் போக முடியாத பிள்ளைகளுக்கும், உறவினர் திருமணங்களுக்குத் தனியே சென்று பதில் சொல்லி வந்த மனைவியருக்கும், இரவெல்லாம் தொலைபேசியை அருகில் வைத்தே படுத்திருந்த எங்கள் பெற்றோருக்கும், பாடகிகளை மனமுவந்து அனுப்பி வைத்த அவர்கள் வீட்டாருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. பள்ளித் திறப்புக்குக் கட்டணமும் சீருடையும் இந்தச் சீசன் வருமானத்தில்தான் ஏற்பாடாகியிருக்கின்றன. ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரிகளுக்கு முன்னால் இரண்டு வாரம் ஒத்திகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்த இரண்டு வாரமும் வீட்டுக்கே என்று குழுவில் எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

நன்றியுடன்,
குழுவினர் அனைவரின் சார்பில்,
கீபோர்டு வாசிப்பவர், மதுரை.