திட்டு இருந்தால் பெண் பாம்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் பெட்டிச் செய்தியில், ‘மண்ணுளிப் பாம்பில் திட்டு இருப்பது பெண், இல்லாதது ஆண்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. காலையில் முதல் வேலையாகத் தங்கள் நாளிதழைப் பிரிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அச்சுக்குப் போகுமுன் இதை ஒருவருமே பார்க்கவில்லையா?

இரண்டும் வேறு வேறு இனம். 1801லேயே இரண்டுக்கும் தனித்தனி அறிவியல் பெயர் வைத்தாகிவிட்டது. அதில் ஒன்று, தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியாரின் பெயர். தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பாம்புதான் இருதலை மணியன். வழவழப்பான உடம்பு, வளர்ந்ததில் திட்டு கிடையாது, வால் தலை மாதிரியே தடித்து மழுங்கியிருக்கும். மற்றதற்கு முதுகில் பழுப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணல்மாணலாக ஓடும். வால் குட்டை, முனை கூர். வால் பக்கம் செதில் அரம் போலச் சொரசொரக்கும். இரண்டுக்கும் விஷமில்லை.

இந்தத் திட்டுக்காரனைத்தான் கண்ணாடி விரியன் என்று அடிக்கிறார்கள். விரியனின் திட்டுகள் பெரும்பாலும் கருப்பு விளிம்போடு மூன்று வரிசையாகத் தனித்தனியாக இருக்கும். தலை முக்கோணம், கழுத்து தனியாகத் தெரியும். மண்ணுளிக்குக் கழுத்தே தெரியாது. எங்கள் கடலைக்காட்டில் செடி பிடுங்கும்போது ஒன்று புரண்டு வந்தது. மண் ஒட்டிய அந்தக் குட்டை வாலை நான் காட்டுவதற்குள் பக்கத்தில் நின்றவரின் மண்வெட்டி விழுந்துவிட்டது. கிழிந்த வயிற்றில் முழுசாக ஒரு எலி. ஏன்யா அடிச்சே என்றால், “பேப்பர்லயே விரியன்னு இதே படம்தானே போட்டிருந்தாங்க” என்கிறார். அதுவும் தங்கள் பேப்பர்தான். சரி, ஒருவர் விரியனை மண்ணுளி என்று நம்பிக் கையில் எடுத்தால்? உயிர் போகுமே!

அப்புறம் இந்தக் கோடி ரூபாய்க் கதை. இருதலை மணியனோடு யாராவது பிடிபட்டால் தலைப்பிலேயே விலை போடுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் ராத்திரியில் டார்ச்சோடு வரப்பு வரப்பாக அலைந்தார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பது மட்டும் கடைசி வரியில். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று முன்பொரு முறை வாசகர் பகுதியில் வந்த கட்டுக்கதைக்கும் மறுத்து எழுதினேன். பதிலே இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த ஞாயிறு, அதே இடத்தில், இரண்டு மண்ணுளியும் விரியனும் தலையும் வாலும் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் மூன்று படம், நாலு வரித் திருத்தம். மண்ணுளிப் படங்கள் என்னிடம் உள்ளன, கேட்டால் அனுப்புகிறேன்.

வருத்தத்துடன்,
ஒரு கடலை விவசாயி,
திண்டிவனம் வட்டம்.