அம்மாவிடமே கேட்ட டாக்டருக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் கேட்கவில்லை.

முதலில் எங்கள் டாக்டர் சாருக்கு. அவர் கதை எழுதுகிறவர், மொழி வகுப்பும் எடுக்கிறவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி மாளாது. ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு சாயங்கால நேரத்தைப் பற்றி.

பக்கவாதம் வந்ததில் அம்மாவின் பேச்சுதான் அதிகம் அடிபட்டது. பார்க்க வந்தவர்கள் அன்போடுதான் வந்தார்கள். ஆனாலும் "தூங்கினாங்களா, வலி இருக்கா" என்று என்னைத்தான் கேட்டார்கள். அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று டாக்டர் நாற்காலியை அம்மாவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் பதில் சொல்லப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்காக வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்களோ, முகத்தில் அவசரமே இல்லை. அம்மா திணறித் திணறி "வலி... இல்ல" என்றார். "சரிம்மா, நல்லது" என்று அதற்கும் அவரிடமே பதில் சொன்னார்.

அப்புறம், அம்மாவை வைத்துக்கொண்டே எங்களுக்கு விளக்கினார். அவருக்கு நாம் பேசுவது புரிகிறது, சொல்லை எடுப்பதுதான் கஷ்டம் என்றார். 1861-ல் பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி ஒருவருக்கு ஒரே ஓர் அசைதான் வாயில் வருமாம்; ஆனால் மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் புரிந்ததாம். அந்த நோயாளி இறந்த பிறகு பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதியில் பழுது இருந்தது. இப்படிப்பட்ட சிலருக்குப் பேச்சு வராவிட்டாலும் பாட்டு வரும், கிழமைகள் வரிசையாக வரும் என்று சொல்லி, "ஞாயிறு, திங்கள்" என்று அவரே ஆரம்பித்தார். அம்மா கூடவே சேர்ந்து சனி வரைக்கும் சொல்லிவிட்டார்! பல மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே வேகத்தில் திரும்பாது, எந்த மொழியில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தட்டுத்தடுமாறிப் பேசும் மாணவர்கள் முன் உட்கார்ந்து பழகியவருக்குத்தான் இந்தப் பொறுமை வரும் என்று நினைக்கிறேன்.

கிளம்பும் முன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று சொல்லும்படி கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகக் கேட்கிறது. அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸ் அக்காக்கள், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தங்கை, கை கால் பயிற்சிக்கு வருபவர், ரத்தம் கொடுக்க ஓடிவந்தவர்கள், பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போன உறவுகள், தினமும் ஒரு வரியாவது எழுதி விசாரித்த நண்பர்கள், உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

டாக்டர் சார், நீங்கள் எழுதிக் கொடுத்ததை நகலெடுத்து வைத்திருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் எந்தக் குடும்பம் கேட்டாலும் கொடுப்பேன், கூட உட்கார்ந்து சொல்லியும் தருவேன். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து அம்மாவிடமே பேசுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நேரம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.