‘நலமுடன் வீடு திரும்பினார்’ – அதற்குப் பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் கழுத்து வலி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தலையணை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கைப்பேசியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில், மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்காதவர்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் வலியிலிருந்து முழுமையாக விடுபடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பாதி நான் எழுதியது, மீதி என் மகள் எழுதியது. நடுவில் கையெழுத்து மாறுவதற்குக் காரணமும் கடிதத்திலேயே இருக்கிறது.

நான் காரைக்குடிப் பக்கம் பொன் வேலை செய்கிறவன். வயது 52. பதினெட்டு வயதில் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்தவன். செட்டிநாட்டில் பத்தர் என்றால், கல்யாணத்துக்குப் பூட்டும் தாலி நகையான கழுத்திரு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அதன் உருப்படிகளான ஏத்தனம், சரிமணி, கடைமணி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து கொடுத்தால், நல்ல நேரம் பார்த்து மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள். ஊர்க் கழுத்துக்கெல்லாம் நகை செய்தவனுக்குக் கழுத்து போய்விட்டதா என்று இதுவரை பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். முதல் இரண்டு தடவை நானும் சிரித்தேன்.

எங்கள் வேலை தரையில் சம்மணமிட்டு, பலகைமேல் கவிழ்ந்து செய்வது. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. நிமிர்ந்திருக்கும்வரை கழுத்துக்கு அது பாரமே இல்லை. குனியக் குனிய, கோலின் நுனியில் குடத்தைக் கட்டித் தூக்கியது போல் ஆகிவிடும். முப்பத்து நான்கு வருடம் அப்படி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது தோள்பட்டைக்குப் பின்னால் குடைச்சல் ஆரம்பித்தது. பிறகு கழுத்தைத் திருப்பினால் கை முழுக்க மின்சாரம் பாயும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்தன. சாமணம் என்கிற சிறு இடுக்கியில் பிடித்த மணி நழுவி உமிக்குள் விழுந்து, அரை மணி நேரம் சலித்துத் தேடிய நாளும் உண்டு. பற்றவைத்த சூடு ஆறாத துண்டைத் தொட்டது தெரியாமல் விரல் கொப்புளித்ததைப் பார்த்த பிறகுதான் மனைவி என்னை மருத்துவரிடம் இழுத்துச் சென்றாள்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, எந்த விரல் மரக்கிறது என்று கேட்டு அவர் சொல்லிவிட்டார்: பெருவிரல் பக்கம் என்றால் ஆறாவது நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது. கழுத்தில் எலும்பு ஏழுதான், நரம்புச் சோடி எட்டு என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். ஸ்கேனிலும் அப்படியே இருந்தது. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு பின்பக்கம் பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டை, மாத்திரை, பயிற்சி என்று மூன்று மாதம் பார்த்தோம். கை பலம் குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசிக் கடைசியில், காப்பீட்டு அட்டையின் தயவில், மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

கழுத்தின் முன்பக்கம் தோல் மடிப்பில் இரண்டு விரற்கடை அகலம் கீறி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஓரமாக ஒதுக்கி, கெட்ட வட்டை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொள்ள அந்த இடத்தில் ஒரு சிறு கூண்டை வைத்து, மேலே ஒரு தகடும் நான்கு திருகுகளும் பொருத்தினார்கள். டைட்டானியம். அதே அளவுள்ள தங்கத்தின் எடையில் கால்பங்குகூட வராத உலோகம். படத்தைப் பார்த்தபோது எனக்கு வலியே மறந்துவிட்டது. திருகுகள் உட்கார்ந்திருந்த ஒழுங்கை எந்தப் பத்தரும் குறை சொல்ல முடியாது. முதல் வாரம் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை, குரல் கம்மியது, கஞ்சியிலேயே காலம் போயிற்று. அது சரியாகும் என்று சொல்லியிருந்தார்கள், சரியாயிற்று. முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதையும் தாங்கலாம்.

சொல்லாமல் விட்டதுதான் மூன்றாவது வாரம் வந்தது. பழைய மின்னல் போயே போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. முழங்கைக்குக் கீழே, பெருவிரல்வரை, ஊதுகுழலின் தீ நாக்கைத் தள்ளிப் பிடித்தது போன்ற எரிச்சல். சட்டைக் கை உரசினால் ஆகாது, மின்விசிறிக் காற்று பட்டால் ஆகாது. அழுத்திப் பிடித்தால் பொறுக்கலாம், இலேசாகத் தொட்டால்தான் துடிக்கும். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? பகலில் ஏதோ பேச்சில் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு, தெரு நாயும் அடங்கிய பிறகு, அதுவும் நானும் மட்டும் விழித்திருப்போம்.

மருத்துவமனையில் கொடுத்த நான்கு பக்கக் குறிப்பை மகளைப் படிக்கச் சொன்னேன். எல்லாம் ஆங்கிலம். கடைசி வரியை அவள் தமிழில் சொன்னாள்: “நோயாளி நலமுடன் வீடு திரும்பினார்.” இன்னொரு முறை பார், வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்றேன். தையல் பிரிக்கும் தேதி இருந்தது.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் மடத்தனம். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய வலி மாத்திரைப் பட்டை வீட்டில் இருந்தது, விழுங்கினேன். எரிச்சலில் இம்மியும் குறையவில்லை. நரம்பிலிருந்து வரும் வலிக்கு அந்த மாத்திரைகள் பெரும்பாலும் பிடிகொடுக்காது, எலும்பு ஒட்டும் காலத்தில் அவற்றைக் கேட்காமல் சாப்பிடவும் கூடாது என்று பின்னால்தான் தெரிந்தது. நரம்புக்கென்றே ப்ரீகாபலின் மாத்திரை இரவில் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் காலையில் தலை சுற்றும், பத்து மணிவரை தூக்கக் கலக்கம் தீராது. பொன்னும் நெருப்பும் புழங்கும் இடத்தில் அது ஆகுமா? ‘நரம்பு மாத்திரை பழகிவிடும், விட்டுவிடு’ என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்று ராத்திரி தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டியது, எரிச்சல் இரட்டிப்பாகத் திரும்பியது. அந்த மாத்திரையை மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டுமாம்.

அடுத்தது முடிதிருத்தகம். முடி வெட்டி முடித்ததும் வழக்கப்படி நெட்டி முறிக்க அவர் என் தாடையில் கை வைத்தார். இருபது வருடப் பழக்கம், அவர்மேல் தப்பில்லை. நான் போட்ட சத்தத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கழுத்தில் தகடு வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இதையாவது நினைவில் வையுங்கள்.

மூன்றாவது மறுபரிசோதனைக்குப் போனபோதுதான், இளம் மருத்துவர் ஒருவர் பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்து பேசினார். (திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போகிற பஸ்ஸில் வண்ணம் அடிக்காத வேகத்தடைகள் எத்தனை என்று என் கழுத்தைக் கேளுங்கள். அதற்குத் தனிக் கடிதம் எழுதுவேன்.) அவர் சொன்னதை என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். கம்பியை இடுக்கியில் வைத்து நசுக்கிவிட்டால், இடுக்கியை எடுத்தவுடன் கம்பி உருண்டு பழையபடி ஆகிவிடுமா? காய்ச்சி, மறுபடி அச்சில் இழுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை இடுக்கியை எடுத்தது, அவ்வளவுதான். நரம்பைக் காய்ச்சி இழுக்கிற வேலை உடம்பினுடையது. இரண்டு வருடம் நசுங்கிக் கிடந்த நரம்பு விழித்துக்கொள்ளும்போது தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்புமாம். மேலுறை மட்டும் அடிபட்டிருந்தால் சில வாரத்திலோ மாதத்திலோ சரியாகும். உள்ளே இழையே அறுந்திருந்தால், அது வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான்.

மில்லிமீட்டர் எனக்குப் பழக்கமான கணக்கு. வீட்டுக்கு வந்து கழுத்திலிருந்து பெருவிரல் நுனிவரை நூல் வைத்து அளந்தேன். எண்பது சென்டிமீட்டர். அத்தனையும் வளர வேண்டியிருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல். எல்லோருக்கும் அவ்வளவு ஆகாது, சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் தங்கியும்விடும் என்றார். கேட்டதும் இடிந்துபோயிருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை கெட்டுப்போகவில்லை, நாள் பிடிக்கிறது, அவ்வளவுதானே?

பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை மதுரை போக என்னால் ஆகாது. அப்போதுதான் பக்கத்து வீட்டம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வந்த சுகாதாரப் பணியாளர், வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார்கள் என்றார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இதுவும் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தாடையை உள்ளிழுத்து வைக்கவும் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்கவும் பழக்கியது. எரிகிற தோலுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தது: முதலில் பஞ்சால் தடவ வேண்டும், சில நாள் கழித்துப் பட்டுத் துணி, பிறகு பருத்தி, பிறகு சொரசொரப்பான துண்டு. தொடுவதெல்லாம் தீ இல்லை என்று தோலுக்குத் திரும்பப் பாடம் சொல்வதாம். பருத்திக்கு மனைவியின் பழைய கண்டாங்கிச் சேலையின் முந்தானையை எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதமாகிறது. இப்போது சட்டைக் கை உரசினால் பொறுக்க முடிகிறது. பலகையை உயர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை எழுகிறேன். சிறு வேலைகள் ஓடுகின்றன. பேனாவை மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க விரல் ஒப்பவில்லை. இந்த இடத்திலிருந்து எழுதுவது மகள்.

இவ்வளவையும் நான் சொந்தக் கதையாகவே வைத்திருப்பேன். என்னை எழுத வைத்தது வேறு.

தொழிலில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நான் அண்ணன் என்று அழைப்பவர். அவருக்கும் கழுத்துதான், ஆனால் என்னுடையதைவிடப் பொல்லாதது. அவருக்கு வலி அதிகமில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியவில்லை, சுவரைப் பிடித்துத் திண்ணை ஏறுகிறார். அவருக்கு நசுங்குவது தண்டுவடமே, தள்ளிப்போட்டால் போன பலம் திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் என்னைக் காட்டுகிறார்: “கத்தி வைத்து ஐந்து மாதம் ஆகியும் நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறாயே, தம்பி.”

அவர் சொல்வதில் பொய் இல்லை. பட்டறைக்கு வரும் ஆச்சிமார், “கத்தி வைத்தாயிற்றே, வலி போய்விட்டதா பத்தரே?” என்று கேட்டால் நான் போய்விட்டது என்றே சொல்வேன். இல்லை என்றால் அறுவைச் சிகிச்சை தோற்றுவிட்டதா என்பார்கள், மருமகனுக்குச் செய்யும் மோதிரத்தை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னது அண்ணனிடம் மட்டும். அதுவும் பாதி உண்மை. எரிச்சலைச் சொன்னேன். மின்னல் நின்றுபோனதையும், கைப்பிடி திரும்பியதையும், மணி இப்போது சாமணத்தில் நிற்பதையும் சொல்லவில்லை. புலம்புகிறவனுக்கு அதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

எனவே கட்டுரை எழுதும் மருத்துவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளுக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். கத்தி வைக்கும் முன்பே, தமிழில், ஒரே ஒரு தாள் கொடுங்கள். நசுக்கம் நீங்குவது ஒன்று, நரம்பு ஆறுவது வேறு, எரிச்சலும் மரப்பும் மாதக்கணக்கில் நீடிக்கலாம், அதனால் சிகிச்சை தோற்றுவிட்டதாக ஆகாது என்று அதில் எழுதுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாதே, மரத்த கையில் சூட்டு ஒத்தடம் வைக்காதே, கழுத்தில் யாரும் சுளுக்கு எடுக்க விடாதே, புகை பிடித்தால் எலும்பு ஒட்டத் தாமதமாகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: கை கால் பலம் புதிதாகக் குறைந்தால், நடை தடுமாறினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், காய்ச்சலோ தையலில் சீழோ வந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் கூடினால், அன்றைக்கே வா என்று. நான் கேட்பது ஒரு தாள். நான்கு பக்கம் ஆங்கிலத்தில் அடிக்க முடிகிறவர்களுக்கு இது பெரிய செலவா?

என் பெயரைப் போட வேண்டாம். கை இன்னும் முழுதாகத் தேறவில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் பொன்னை நம்பிக் கொடுக்க யோசிப்பார்கள். அண்ணனுக்குத் தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தினமும் காலை ஆறரைக்குத் தெருமுனை டீக்கடையில் உங்கள் இதழை வாங்கி, முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பார். கொஞ்சம் சீக்கிரம் வெளியிட்டால் நல்லது. போன வாரம் இரண்டாவது முறையாகப் படியில் விழுந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு பொற்கொல்லன்,
காரைக்குடி வட்டம்