விண்ணப்பம் போன பிறகு வரும் மதிப்பெண்கள்

அன்புள்ள கயலுக்கு,

பதினொன்றாம் வகுப்பு வரைக்கும்தானே அமெரிக்கக் கல்லூரிகள் பார்க்கும், பன்னிரண்டாவது படிக்கும் இந்த வருடம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். நீ கேள்விப்பட்டதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் பிள்ளைகள் இடறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சரியான பாதி யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களைப் பற்றியது. ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை படித்த பாடங்களை வைத்துத்தான் அவர்கள் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, போடுகிறார்கள். ஆனால் இந்த வருடம் என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பொறியியல் கேட்டுவிட்டு, மூன்று வருடக் கணக்கு போதும் என்று கால்குலஸை விட்டுவிட்டால் விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

காமன் ஆப், அதாவது பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம், அதன் வழியாகப் போகும் கல்லூரிகள் வேறு மாதிரி. உன் பள்ளிக் கவுன்சலர் மூன்று முறை அறிக்கை அனுப்புவார்: விண்ணப்பத்தோடு ஒன்று, முதல் செமஸ்டர் முடிந்ததும் ஒன்று, பள்ளி முடித்த பிறகு ஒன்று. நடுவில் போவதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. ஜனவரியில் விண்ணப்பித்தவர்களுக்கு முடிவு மார்ச் கடைசிவாக்கில்தான் வரும், அதற்குள் அந்த மதிப்பெண் போய்ச் சேர்ந்துவிடும். நவம்பரிலேயே விண்ணப்பித்து டிசம்பரில் 'டிஃபர்' ஆனால், அதாவது முடிவைத் தள்ளிவைத்தால், உன் கோப்பில் புதிதாகச் சேரக்கூடியதில் முக்கியமானதே அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். செமஸ்டருக்கு 6 பாடம் என்றால் இதுவரை மூன்று வருடத்தில் 36 கிரேடுகள். 'ஏ'க்கு 4, 'பி'க்கு 3 என்று கணக்கிட்டு, சராசரி 3.5 என்று வைத்துக்கொள். இந்த செமஸ்டரில் ஆறும் 'ஏ' வாங்கினாலும் 3.57தான் ஆகும், ஆறும் 'பி' என்றால் 3.43. எண் பெரிதாக நகராது. ஆகவே ஜிபிஏவைத் தூக்கி நிறுத்தப் போகிறேன் என்று உன்னை வருத்திக்கொள்ளாதே. அவர்கள் பார்ப்பது போக்கை: கடினமான பாடங்களிலும் நிலையாக நிற்கிறாயா, சரிகிறாயா என்று.

ஏபி, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள், விஷயத்தில் நிறையக் குழப்பம் இருக்கிறது. மே மாதம் எழுதும் தேர்வின் மதிப்பெண் ஜூலையில்தான் வரும், எனவே இந்த வருடச் சேர்க்கை முடிவில் அதற்கு வேலையில்லை. அந்தப் பாடத்தை முடித்ததாகக் கல்லூரியில் கிரெடிட் கிடைக்குமா என்பதற்குத்தான் அது உதவும். வகுப்பில் வாங்கும் கிரேடுதான் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளியின் மதிப்பெண் பட்டியலில், ஏறும்.

இடம் கிடைத்த பிறகும் அது நிபந்தனையோடு கிடைத்த இடம்தான். யூ.சி.யில் பொதுவாக, பன்னிரண்டாவதில் 'டி', 'எஃப்' கூடாது, அந்த வருடச் சராசரி 3.0க்குக் கீழே போகக் கூடாது, விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை அவர்களிடம் சொல்லாமல் விடக் கூடாது. கடைசி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போக வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், மே 1க்குள் ஒரு கல்லூரியை உறுதி செய்து மற்ற இடங்களை விட்டிருப்பாய். கோடையில் அனுமதி ரத்து என்று கடிதம் வந்தால் திரும்பிப் போக வேறு கதவு இருக்காது. ஒன்றிரண்டு 'பி'க்காக யாரும் ரத்து செய்வதில்லை, பயப்படாதே. 'ஏ' வாங்கிக்கொண்டிருந்தவள் இரண்டு மூன்று பாடத்தில் 'சி', 'டி' என்று இறங்கினால்தான் கேள்வி வரும்.

அப்படி ஏதாவது சறுக்கினால் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் போகும்வரை காத்திருக்காதே. முதலில் கவுன்சலரிடம் சொல். பிறகு நீயே அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுது: எந்தப் பாடம், இப்போது என்ன கிரேடு, ஏன் இறங்கியது, சரிசெய்ய என்ன செய்கிறாய். நான்கைந்து வரி போதும். அவர்களே கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிட்டால், கோடை வகுப்பில் திரும்பப் படிப்பது போன்ற வழிகளுக்கு இடம் இருக்கும். பாடத்தை மாற்றினாலும் இப்படித்தான், மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிடு.

இரண்டாம் செமஸ்டருக்குக் கால்குலஸை விட்டு ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாயே, படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. விண்ணப்பித்த கல்லூரிகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அம்மா