பாசிமணிக் கயிறு

தஞ்சாவூர்

அன்புள்ள ராஜு,

புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் பக்கம் பாமணியில் வந்ததா? நாற்றங்கால் விட்டாயா?

சங்கத்துப் பேரேட்டைக் கால் மணி நேரம் பார்த்தாலே நெற்றிப்பொட்டு வலிக்கிறது, வரி மேல் வரி ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் நான் பட்டதும் அதேதான். தஞ்சாவூர் ஓவியத்தில் கல் பதிக்கும்போது ஒரு கல் இரண்டாகத் தெரியும். தங்க ரேக்கு ஒட்ட உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். ஒரு கடையில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினேன், காசுதான் போனது.

கடைசியில் கண் டாக்டரிடம் போனேன். பலகையில் கடைசி வரிவரை தட்டாமல் படித்தேன். அப்புறம் ஒரு பென்சிலை என் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். சுமார் 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகவே தெரிய வேண்டுமாம்; எனக்கு 15இலேயே இரண்டானது. பார்வையில் குறையில்லை, கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்ப வேண்டும், அது போதவில்லை என்றார். கன்வெர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்று பேர். நுகத்தில் ஒரு மாடு வெளியே இழுத்தால் வண்டிக்காரன் படும் பாடுதான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பேரேட்டைப் பார். சுகமாக இருந்தால் உனக்கும் இதுவாக இருக்கலாம்.

வைத்தியம் வேடிக்கையானது. ஒரு கயிற்றில் மூன்று பாசிமணி. ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை மூக்கு நுனியில். ஒரு மணியைப் பார்த்தால் கயிறு இரண்டாகத் தெரிந்து, சரியாக அந்த மணியில் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் வாரம் மணிக்கு அந்தப்பக்கம்தான் வெட்டியது. வீட்டுக்காரி, "மாடு கட்டின மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்று ஒரே கேலி.

பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்க்கும் பயிற்சியை மட்டும் வீட்டில் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதே. அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. 12 வாரத்தில், மருத்துவமனையில் வைத்துப் பயிற்சி தந்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். பென்சிலோடு நின்றவர்களில் 43தான். நாம் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் நான் வாராவாரம் போனேன்.

நமக்கு வெள்ளெழுத்து வயசும் ஆகிவிட்டது, அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல். திடீரென்று எல்லாமே இரண்டாகத் தெரிந்தால் மட்டும் அது வேறு சமாச்சாரம், அன்றைக்கே ஓடு.

இப்போது கல் ஒன்றாகத்தான் தெரிகிறது. சாயங்காலம் மட்டும் கொஞ்சம் தகராறு. அந்நேரம் தூரிகையை வைத்துவிட்டுப் புதாற்றுப் பாலத்துக்குப் போய்விடுகிறேன். நீ வந்தால் கயிற்றைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
கணேசன்