கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) பற்றி உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையில் கண், கிட்னி, கால் புண் எல்லாம் இருந்தது, நரம்பு வலியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், போர்வை பட்டாலே பாதம் எரிகிறது, ராத்திரி தூக்கமே இல்லை என்பார்கள்.

என் மாமாவுக்கு இதற்காக அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அவர் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று நிறுத்திவிட்டான். மருந்து கொடுத்த இடத்தில் யாரும் விளக்கவில்லை, அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? மனச்சோர்வுக்கு என்று 1961-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் அது, ஆனால் வலிக்கு ராத்திரி 10 அல்லது 25 மில்லிகிராம் என்று குறைவாகத்தான் தொடங்குவார்கள். மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வலியை அடக்குகிற நரம்புகள் செரட்டோனின், நோரட்ரினலின் என்ற ரசாயனங்களை வைத்து வேலை செய்கின்றன, அவை சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இந்த மாத்திரை பார்த்துக்கொள்கிறது. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறையலாம். டுலோக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும் இதே வழிதான், 2004-லேயே இனிப்புநீர் நரம்பு வலிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. பனடோல் போல உடனே கேட்காது, சில வாரம் பொறுக்க வேண்டும்.

சிலருக்கு இந்த வலியோடு உடம்பும் உருகிப்போகும். அரிதுதான், 1974-லேயே எல்லன்பர்க் என்ற டாக்டர் எழுதியிருக்கிறார், பெரும்பாலானவர்கள் மெல்லத் தேறியும் விடுகிறார்கள். எங்கள் ஊரில் இப்படி இளைத்தால் முதலில் செய்வினை, அப்புறம் புற்றுநோய். (புற்றுநோயா என்று பார்க்கத்தான் வேண்டும், சரி.) நாள்பட்ட நோயில் இளைத்தவர்களுக்குச் சில டாக்டர்கள் மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுப்பதும் உண்டு, அது பசியையும் தூக்கத்தையும் கூட்டும். ஆனால் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை, எல்லாருக்கும் எடை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமிட்ரிப்டிலினில் வாய் உலரும், மலம் கட்டும், எழுந்தால் தலை சுற்றும். இதய நோய், கண் அழுத்தம், புரோஸ்டேட் வீக்கம் இருப்பவர்களும் வலிக்கு டிரமடோல் எடுப்பவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடுகிற நம் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம். திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

ஒரு மருந்தாளரை வைத்து இதற்கென்றே அரைப் பக்கம் போடுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில். பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள், எங்கள் பெரியவர்கள் இன்னும் உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக்